ஷைத்தானின் குதிரை: "கணக்குப் போட்டு ஆடினால் சூதாட்டம் இல்லையா?"

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழ்ந்த, வாழ்கின்ற நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, அன்பிற்கினிய இளைஞர்களே, அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து ஆரம்பிக்கிறேன்.

நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிற சின்ன சூராக்களில் ஒன்று "வல் ஆதியாத்". மூச்சிரைக்க ஓடுகிற குதிரைகள் மீது சத்தியமிட்டு அல்லாஹ் அதைத் தொடங்குகிறான். குளம்பு பட்டு நெருப்புப் பொறி பறப்பதையும், விடியற்காலையில் புழுதி கிளம்புவதையும் சொல்கிறான். குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து திடீரென்று மனிதனிடம் திரும்புகிறான். மனிதன் தன் ரப்புக்கு நன்றி கெட்டவன், அதற்கு அவனே சாட்சி, செல்வத்தின் மீது கடும் ஆசை கொண்டவன் என்கிறான். ஒரு பிடி புல்லும் தண்ணீரும் கொடுத்த எஜமானுக்காகக் குதிரை உயிரைக் கொடுத்து ஓடுகிறது. உயிரையே கொடுத்த எஜமானை மனிதன் மறந்துவிடுகிறான் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் தருவார்கள்.

குதிரையில் தொடங்கி பண ஆசையில் வந்து நிற்கிற இந்த சூராவை வைத்துத்தான் இன்று உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம்

சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு சகோதரர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. கையில் ஒரு நீள நோட்டு. இந்தச் சம்பவத்தைச் சொல்ல அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அவர் எந்த ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்று தேடாதீர்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் சொன்னார்: "ஹஜ்ரத், வீட்டுல நான் சூதாடுறேன்னு சொல்றாங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நான் சூதாடல. கணக்குப் போட்டு ஆடுறேன்."

நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகக் குதிரைகளின் பெயர்கள். எந்த ஊரில் ஓடியது, எத்தனை மீட்டர், எவ்வளவு எடை தூக்கியது, ஜாக்கி யார், எத்தனையாவதாக வந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. என் மதரஸா பிள்ளைகள் அரபுப் பாடத்தை இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

அவர் விளக்கினார்: "பெரிய ரேஸுல எல்லாருக்கும் எல்லாம் தெரியும் ஹஜ்ரத். அதுல ஒண்ணும் கிடைக்காது. கடைசி கிளாஸ் குதிரைங்க ஓடுற ரேஸ் இருக்கு பாருங்க, அதை யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டான். பேரைப் பார்த்து, நம்பரைப் பார்த்துப் போடுவான். அங்கதான் நல்ல விலைக்கு நல்ல குதிரை கிடைக்கும். படிச்சவனுக்கு அதுல காசு இருக்கு."

அன்று நான் ஒரு தவறு செய்தேன். நோட்டைச் சரியாகப் பார்க்கவும் இல்லை, அவர் சொன்னதை முழுமையாகக் கேட்கவும் இல்லை. "இது ஹராம் பாய், விட்டுடுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லி எழுந்துவிட்டேன். சொன்னது சரிதான், சொன்ன விதம் சரியில்லை. அதன் பிறகு மூன்று மாதம் அவரை நான் பார்க்கவில்லை. அவருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

குதிரையும் பந்தயமும் வெறுக்கப்பட்டவையா?

இல்லை. முதலில் இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். குதிரைகளின் நெற்றி ரோமங்களில் கியாமத் நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் புகாரி ஷரீஃபில் ஹதீஸ் வருகிறது. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்று உடல் இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, அதாவது ஐந்து அல்லது ஆறு மைல். பயிற்சி இல்லாத குதிரைகளுக்கு அந்த ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல். அந்தப் பந்தயத்தில் ஓட்டியவர்களில் நானும் ஒருவன் என்று அப்துல்லாஹ் பின் உமர் (ரழி) அவர்கள் மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் "அள்பா"வை யாராலும் முந்த முடியாது. ஒரு நாள் ஒரு கிராமவாசி இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனது கஷ்டமாகிவிட்டது. உலகில் உயர்கிற எதையும் ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று சொல்லி நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். தோல்வியை எப்படி ஏற்றுக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

நம் தமிழ் முஸ்லிம்களுக்கும் குதிரைக்கும் நூற்றாண்டுகளாகத் தொடர்பு உண்டு. பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கின. அந்த வணிகத்தை நடத்தியவர்கள் முஸ்லிம்கள். அங்கு வந்த மார்க்கோ போலோவும் அதை எழுதி வைத்திருக்கிறார். "ராவுத்தர்" என்ற பெயரே குதிரை வீரரைக் குறிக்கும் சொல் என்பார்கள். ஆகவே குதிரையைப் பார்த்து முகம் சுளிக்கிற சமுதாயம் அல்ல இது.

ஆனால் நபி (ஸல்) அவர்கள் குதிரைகளை மூன்றாகப் பிரித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் வழியாக முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்பு இது. ஒன்று ரஹ்மானின் குதிரை, அல்லாஹ்வின் பாதைக்காகக் கட்டி வைக்கப்படுவது. இரண்டாவது மனிதனின் குதிரை, அவன் வளர்த்துப் பயன்பெற்று வறுமையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வது. மூன்றாவது ஷைத்தானின் குதிரை. எதன் மீது சூதாடப்படுகிறதோ, பந்தயம் கட்டப்படுகிறதோ அதுதான் ஷைத்தானின் குதிரை.

கவனியுங்கள். மூன்றும் ஒரே பிராணிதான். அதே நான்கு கால்தான். பாவம், அந்த வாயில்லா ஜீவனுக்கு எந்தக் குற்றமும் இல்லை. அதன் முதுகில் நாம் எதை ஏற்றுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கிண்டியின் கதை

நம் ஊரில் குதிரைப் பந்தயம் என்றால் கிண்டி. 1777 முதல் அங்கே பந்தயம் நடந்து வந்திருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் அமைந்தது. 1946-ல் சுமார் 160 ஏக்கர் நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். இன்று அந்தக் காசுக்கு ஆவடியில் ஒரு திண்ணைகூடக் கிடைக்காது.

எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் இதில் அழிந்ததைப் பார்த்து, 1974-ல் கலைஞர் கருணாநிதி அவர்களின் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமையைச் சார்ந்தது, ஆகவே அது சட்டம் சொல்லும் சூதாட்டம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு 2024-ல் குத்தகை பாக்கி விவகாரத்தில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி குத்தகையையும் ரத்து செய்தது. அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது.

நிலம் யாருக்கு என்பது அரசும் நீதிமன்றமும் பேச வேண்டிய விஷயம். நமக்குள்ள விஷயம் வேறு. கிண்டியில் ஒரு பூட்டு விழுந்தால் இந்த நோய் தீர்ந்துவிடுமா? பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, மைசூரு என்று ஏதாவது ஓர் ஊரில் குதிரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பெல்லாம் பூந்தமல்லியிலிருந்து கிண்டிக்கு பஸ் ஏற வேண்டும், தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று தலையில் துண்டு போட வேண்டும். அந்த வெட்கமாவது ஒரு தடையாக இருந்தது. இப்போது சட்டைப் பையில் போன் இருக்கிறது. தெருமுனையில் புக்கியின் ஆள் இருக்கிறான்.

"நீதிமன்றமே திறமை என்று சொல்லிவிட்டதே!"

அந்தச் சகோதரரும் இதைத்தான் கேட்டார். சொன்னவர்கள் நாட்டின் உயர்ந்த நீதிபதிகள். அவர்கள் பார்த்தது, நாட்டுச் சட்டப்படி இது தண்டனைக்குரிய சூதாட்டமா என்பதை. ஷரீஅத் கேட்கும் கேள்வி அதுவல்ல. உன் கைக்கு வந்த பணம் எந்த வழியில் வந்தது என்று அது கேட்கிறது.

கிமார் என்றால் என்ன? நமது ஃபுகஹாக்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பணம் வைக்கும் ஒவ்வொருவரும், ஒன்று மற்றவரின் பணம் தனக்கு வரும், அல்லது தன் பணம் மற்றவருக்குப் போகும் என்ற நிலையில் நிற்பது. அவ்வளவுதான். இதில் திறமை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல.

ஆதாரம் வேண்டுமா? குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் இந்த மூன்றுக்குத்தான் பரிசு என்று அபூதாவூத், திர்மிதியில் ஹதீஸ் வருகிறது. குதிரை ஓட்டுவதைவிடப் பெரிய திறமை என்ன இருக்கிறது? அப்படியிருந்தும், இருவர் குதிரை ஓட்டி இருவருமே பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வது கூடாது என்றார்கள் ஃபுகஹாக்கள். ஆட்சியாளர் பரிசு தரலாம், மூன்றாம் நபர் தரலாம், இருவரில் ஒருவர் மட்டும் "நீ முந்தினால் நான் தருகிறேன்" எனலாம். பணம் வைக்காத, வெல்லத் தகுதியுள்ள மூன்றாவது ஆள் போட்டியில் சேர்ந்தால் மட்டும் அனுமதித்தவர்களும் உண்டு.

இப்போது யோசியுங்கள். சேணத்தில் உட்கார்ந்து உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவருக்கே அந்தப் பணம் கூடாது என்றால், அம்பத்தூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் 500 ரூபாய் கட்டுகிற நமக்கு எப்படிக் கூடும்? நாம் குதிரையைத் தொட்டதுகூட இல்லையே!

சிலர் ஹதீஸ் படித்துவிட்டுக் கேட்பார்கள்: ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்று குர்ஆன் சொன்னபோது அபூபக்கர் ஸித்தீக் (ரழி) அவர்கள் குறைஷிகளோடு பந்தயம் கட்டவில்லையா? கட்டினார்கள். அது தடை வருவதற்கு முன் மக்காவில் நடந்தது என்று திர்மிதியின் அறிவிப்பிலேயே இருக்கிறது. தடை வந்த பிறகு எவரும் அதை ஆதாரமாக எடுக்க முடியாது.

நோட்டுக் கணக்கு எங்கே இடறுகிறது?

மார்க்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

குதிரைகளுக்கு மதிப்பெண் போட்டு, அதை வைத்து வகுப்பு பிரிக்கிறார்கள். கடைசி வகுப்பில் ஓடுபவை எவை? வயதானவை, கால் வலி உள்ளவை, ஒரு நாள் ஓடி மறுநாள் ஓடாதவை. அதற்கும் மேலே "ஹேண்டிகேப்" என்று ஓர் ஏற்பாடு. நன்றாக ஓடும் குதிரையின் மீது கூடுதல் எடை, பலவீனமானதன் மீது குறைந்த எடை. எடை போதவில்லை என்றால் ஈயத் தகடு சேர்த்துக் கட்டுகிறார்கள். எதற்கு? எல்லாக் குதிரையும் கடைசியில் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதற்கு. யார் வெல்வார் என்று ஒருவனும் சொல்ல முடியாதபடி செய்வதற்காகவே சம்பளம் கொடுத்து ஓர் அதிகாரியை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தக் குதிரைகளையெல்லாம் தினமும் பார்க்கிற அவரோடுதான் நீங்கள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு மோதுகிறீர்கள்!

அடுத்து வரி. 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28 ஆக இருந்தது. வெற்றிப் பணத்துக்கு மட்டுமல்ல, கட்டுகிற முழுத் தொகைக்கும். 100 ரூபாய் பந்தயத்துக்கு 140 ரூபாய் போகிறது. ஆடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், 140 கொடுத்தவனுக்குச் சராசரியாக 100-கூடத் திரும்பாது. ஏனென்றால் அந்த நூறிலும் கிளப்பின் பங்கு போக வேண்டும். ஒரு பந்தயத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் வென்றால் 30 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் தோற்றதை அதில் கழிக்க முடியாது.

"நான் புக்கியிடம் கட்டுகிறேன், வரி இல்லை" என்பார்கள். அவன் என்ன தர்மத்துக்கா நடத்துகிறான்? நீங்கள் தோற்றால் ஆள் அனுப்பி வசூலிப்பான். ஜெயித்தால் "அடுத்த வாரம் வா" என்பான். போலீஸில் போய்ச் சொல்ல முடியுமா? அதைவிட ஆபத்து, அவன் கடனுக்கு ஆட விடுவான். கையில் காசில்லாதவன் அன்றைக்குப் பிழைத்தான் என்ற நிலைகூட அங்கே இல்லை.

"டிப்ஸ்" விற்பவர்களும் இருக்கிறார்கள். "நாளைக்கு இந்தக் குதிரை உறுதி, 500 ரூபாய் அனுப்பு" என்பான். உறுதி என்றால் அவனே கட்ட வேண்டியதுதானே! ஸூரத்துல் மாயிதாவில் அல்லாஹ் மைஸிர் என்ற சூதாட்டத்தோடு குறி பார்க்கும் அம்புகளையும் சேர்த்தே தடுத்தான். அன்று அம்பு எடுத்துக் குறி சொன்னார்கள். இன்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

சரி, நீங்கள் உண்மையிலேயே கெட்டிக்காரர் என்றால்?

இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் கவனம் கொடுங்கள்.

ஆயிரத்தில் ஒருவர் இருக்கலாம். படித்து, பொறுமையாக, கணக்கிட்டு, வருட முடிவில் லாபமாகவே நிற்கலாம். தோற்பவனைப் பார்த்து "பார், அழிந்து போனாய்" என்று சொல்லிவிடலாம். வெல்பவரிடம் என்ன சொல்வது?

அவரிடம் ஒன்றுதான் கேட்க வேண்டும். உங்கள் கைக்கு வந்த அந்தப் பணம் யாருடையது?

வயலில் நெல் விளைந்தால் உலகத்தில் ஒரு மூட்டை கூடுகிறது. லேத்தில் ஒரு போல்ட் கடைந்தால் ஒரு போல்ட் கூடுகிறது. கடையில் விற்றால் வாங்கியவர் பொருளோடு போகிறார். பந்தயத்தில் என்ன கூடியது? ஒன்றுமில்லை. ஒருவன் போட்ட காசு இன்னொருவன் பைக்குப் போனது, அவ்வளவுதான். கடைசி வகுப்பு ரேஸில் ஏன் நல்ல விலை கிடைக்கிறது என்று அந்தச் சகோதரர் சொன்னார், நினைவிருக்கிறதா? "யாரும் படிக்காமல் போடுவான்" என்றார். அந்த "யாரும்" யார்? ஆவடியில் ஆட்டோ ஓட்டுகிறவர். பூந்தமல்லியில் சித்தாள் வேலைக்குப் போய் வாரக்கூலி வாங்கி வந்தவர். பிள்ளையின் பிறந்த தேதி என்று பார்த்து அந்த நம்பரில் கட்டியவர். அவருடைய அறியாமைதான் உங்கள் லாபம். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவுக்கு அவர் வீட்டு அரிசி உங்கள் வீட்டுக்கு வருகிறது.

ஈமான் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒருவர் பொருளை மற்றவர் தவறான முறையில் உண்ண வேண்டாம், மனம் ஒப்பிய வியாபாரம் தவிர என்ற கருத்தில் அல்லாஹ் ஸூரத்துன் நிஸாவில் எச்சரிக்கிறான். "எல்லோரும் விரும்பித்தானே கட்டுகிறார்கள்?" என்று கேட்காதீர்கள். அவர் ஜெயிப்பதற்கு விரும்பினார். தோற்பதற்கு எந்த மனமும் ஒப்பாது. வட்டி கொடுப்பவனும் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறான். அதனால் வட்டி ஹலால் ஆகிவிட்டதா?

ஆக, தோற்றவன் தன் வீட்டுக்கு அநியாயம் செய்தான். வென்றவன் அடுத்தவன் வீட்டுக்கு அநியாயம் செய்தான். கியாமத் நாளில் பொருளைப் பற்றி இரண்டு கேள்வி உண்டு: எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய். தோற்றவனுக்கு இரண்டாவது கேள்வியில் பதில் இல்லை. வென்றவன் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவான்.

"ஜெயித்ததில் பள்ளிவாசலுக்கும் கொடுக்கிறேன்"

இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. ஒரு ரமளானில் இதே சகோதரர் நோன்புக் கஞ்சிக்கு 5,000 ரூபாய் கொடுத்தார். வழக்கத்தைவிட அதிகம். நான் சந்தோஷப்பட்டு துஆ செய்தேன், எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பின்னாளில் அவர் சொன்னார்: "அன்னைக்கு நீங்க துஆ செஞ்சீங்களே, அதனால அந்தக் காசு பரக்கத்தானதுன்னு நெனச்சுட்டேன் ஹஜ்ரத்." அதைக் கேட்டு எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

ஜாஹிலிய்யா காலத்து மைஸிர் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு ஒட்டகத்தை அறுப்பார்கள். பத்து அம்புகள் இருக்கும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்கு, மூன்று அம்புகள் வெற்று அம்புகள். வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்கள் அந்த இறைச்சியைத் தாங்கள் சாப்பிட மாட்டார்கள், ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பெருமையாகவும் பேசுவார்கள். அதையே அல்லாஹ் தடுத்தான்! மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் பயனைவிடப் பாவம் பெரியது என்ற கருத்தில் ஸூரத்துல் பகராவில் சொன்னான். ஏழைக்கே போனாலும் கூடாது என்றால், நம் கஞ்சிப் பானைக்கு மட்டும் எப்படி ஆகும்?

அபூபக்கர் ஸித்தீக் (ரழி) அவர்களின் பணியாள் ஒருநாள் உணவு கொண்டுவந்தார். சாப்பிட்ட பிறகு சொன்னார்: ஜாஹிலிய்யாவில் ஒருவருக்குக் குறி சொன்னேன், எனக்குக் குறி சொல்லவும் தெரியாது, ஏமாற்றினேன், அதற்கு அவர் இன்று தந்தது இது. உடனே ஸித்தீக் (ரழி) அவர்கள் விரலை வாயில் விட்டு வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தி எடுத்தார்கள். புகாரியில் வருகிறது. தெரியாமல் உண்ட ஒரு கவளத்துக்கு அந்த நிலை.

பகையும், தொழுகை மறதியும்

மதுவாலும் சூதாலும் உங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுக்கவுமே ஷைத்தான் விரும்புகிறான் என்று மாயிதா சூரா சொல்கிறது. விலகிக்கொள்வீர்களா என்ற கேள்வியோடு அந்த வசனம் முடிகிறது. அதைக் கேட்டதும் விலகிக்கொண்டோம் என்றார்கள் உமர் (ரழி) அவர்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தச் சகோதரரின் மனைவி தன் அண்ணனோடு வந்தார். அப்போதுதான் முழு விவரமும் தெரிந்தது. கடன் 1,80,000 ரூபாய். அதில் பாதி மீட்டர் வட்டி. கல்லூரிக்குப் போகிற மகளின் கம்மல் அடகில். அந்தப் பெண்மணி சொன்னார்: "காசு போனதுகூடப் பரவாயில்ல ஹஜ்ரத். மகள் 'அத்தா'ன்னு கூப்பிட்டா அவருக்குக் காதுல விழறதில்ல. போனையே பார்த்துட்டு இருக்கார். அவ கூப்பிடுறதையே விட்டுட்டா."

அவரே பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். ஜும்ஆவில் குத்பா நடக்கும்போது சட்டைப் பையில் போன் அதிரும். அன்று மதியம் ஓடிய முதல் ரேஸின் முடிவு அது. தொழுகையில் கையைக் கட்டி நிற்பார், மனம் முழுக்க அந்த அதிர்வில் இருக்கும். ஸஜ்தாவில் தலை பூமியில் இருக்கும், மனம் குதிரையோடு ஓடிக்கொண்டிருக்கும். "வல் ஆதியாத் ஓதுனீங்க ஹஜ்ரத், எனக்கு ரேஸ் குதிரைதான் ஞாபகம் வந்துச்சு" என்று சொல்லி அழுதார்.

இளைஞர்களே, "எனக்கு ரேஸ் பழக்கம் இல்லை" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். காசு கட்டி ரம்மி, கிரிக்கெட் டீம் என்று பெயர் மாறி வந்தாலும் சரக்கு ஒன்றுதான். தமிழ்நாட்டில் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. 2025-ல் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் போட்டது. உலகமே தாமதமாக விளங்கிக்கொண்டதை நமக்கு 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

திரும்பும் வழி

இதில் சிக்கியவர் இங்கே ஒருவராவது இருக்கலாம். அவருக்குச் சொல்கிறேன்.

ஒன்று: இன்றே நிறுத்துங்கள். "விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்துகிறேன்" என்பது ஷைத்தானின் கடைசிக் கயிறு. புக்கியின் நம்பர், டிப்ஸ் குரூப் எல்லாவற்றையும் இப்போதே அழித்துவிடுங்கள். செய்ததற்கு வருந்துங்கள், இனிமேல் இல்லை என்று உறுதி எடுங்கள். அதுதான் தவ்பா. வா சூதாடலாம் என்று நண்பனை வாயால் அழைத்தவரே ஸதகா கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அழைத்ததற்கே அப்படி என்றால் ஆடியதற்கு எவ்வளவு!

இரண்டு: ஜெயித்த பணம் கையில் இருந்தால், உரியவர் தெரிந்தால் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். தெரியவில்லை என்றால் நன்மையை எதிர்பார்க்காமல், கையைக் கழுவுகிற எண்ணத்தில் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மூன்று: மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். முழுக் கடனையும் சொல்லுங்கள். பாதி மறைத்தால் அந்த மறைத்த பாதிக்காக மறுபடியும் ஆடப் போவீர்கள்.

நான்கு, இது ஜமாஅத்துக்கு: அப்படிப்பட்டவரை ஏளனம் செய்யாதீர்கள். அவர் கையில் ரொக்கமும் கொடுக்காதீர்கள். கடன்காரருக்கு நேராகச் செலுத்துங்கள், வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுங்கள்.

ஓர் அன்ஸாரி நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லி ஏலம் விட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றுக்கு வீட்டுக்கு உணவு, ஒன்றுக்கு ஒரு கோடரி. அந்தக் கோடரிக்கு நபி (ஸல்) அவர்கள் தங்கள் முபாரக்கான கரத்தாலேயே காம்பு போட்டார்கள். போய் விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள், பதினைந்து நாள் உங்களைப் பார்க்கக் கூடாது என்றார்கள். அவர் பத்து திர்ஹத்தோடு திரும்பி வந்தார். அபூதாவூதில் வருகிற ஹதீஸ். ஒரு சமுதாயம் விழுந்தவனை இப்படித்தான் தூக்கிவிட வேண்டும். அறிவுரை சொல்லி அனுப்புவதோடு நம் வேலை முடியவில்லை. காம்பும் போட்டுத் தர வேண்டும்.

அந்தச் சகோதரருக்கு நாலு பேர் சேர்ந்து முதலில் மீட்டர் வட்டியை அடைத்தார்கள். மீதியை அவர் மாதம் 6,000 வீதம் திருப்பிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்க்கிறார். மகளின் கம்மல் இன்னும் மீட்கப்படவில்லை. ஒரு தடவை வழுக்கினார், மறுநாளே வந்து சொன்னார். அதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். சென்ற மாதம் அதே நீள நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். குதிரைப் பெயர் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டு, மீதிப் பக்கங்களில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பாக்கி என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். கையெழுத்து அதே முத்துதான். அல்லாஹ் கொடுத்த அந்தக் கணக்கறிவு ஹலாலில் செலவாகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன்.

யா அல்லாஹ்! ஹராமை விட்டும் ஹலாலைக் கொண்டு எங்களைப் போதுமாக்கி வைப்பாயாக. உன்னைத் தவிர வேறு எவரிடமும் தேவையாகாதபடி எங்களை ஆக்கி வைப்பாயாக. சூதிலும் வட்டியிலும் கடனிலும் சிக்கிய சகோதரர்களை விடுவிப்பாயாக. அவர்களின் வீடுகளில் அமைதியைத் திருப்பித் தருவாயாக. எங்கள் பிள்ளைகளை இந்த நோயிலிருந்து காப்பாயாக. எங்கள் உழைப்பில் பரக்கத் செய்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.